அந்த ஐந்தடி எங்கிருந்து?

"மேஸ்திரி அஞ்சடி தோண்டித்தான் சார் பூட்டிங் போட்டார்." விரிசல் விட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்வது இதைத்தான். எங்கிருந்து அஞ்சடி என்று கேட்டால் முழிக்கிறார்கள். மூன்றடி சவுடு மண் கொட்டி மேடாக்கிய மனையில், மேலிருந்து ஐந்தடி என்றால் பழைய வயலுக்குள் இறங்கியது இரண்டே அடி!

சென்னைப் புறநகரில் மடிப்பாக்கம், மேடவாக்கம், முடிச்சூர் எல்லாம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பக்கம். வரப்பை இடித்து, வாய்க்காலைத் தூர்த்து, கல் நட்டு, கிரவுண்டு கணக்கில் விற்றாயிற்று. பட்டா மாறியது அடியில் இருக்கும் களிமண்ணுக்குத் தெரியாது. மழையில் உப்பும், மே மாதம் சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் அந்த வேலைதான். பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

"ஒரு மழை விட்டா மண்ணு செட் ஆயிடும்." இதைச் சொல்லாத புரோக்கர் இல்லை. மழையில் அமுங்குவது புதிதாகக் கொட்டிய மண், அதுவும் அரைகுறையாக. மூன்றடி சவுடு சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கனம். ஒரு மாடி வீட்டையே வயல்மேல் வைத்த மாதிரி. அந்தப் பாரத்தில் களியிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியேற வருஷக்கணக்காகும். அதற்குள் கிரகப்பிரவேசம் முடிந்து டைல்ஸும் இறங்கிவிடும்.

அப்ரூவல் இருக்கிறதே என்பார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் அங்கீகாரமில்லாமல் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதி போட்டது. அந்தத் தாள் மனைப் பிரிவுக்கு. மண்ணை யாரும் சோதிக்கவில்லை.

முன்பணம் கொடுக்கும் முன் அந்த சர்வே எண்ணின் புல வரைபடத்தை (FMB) இணையத்தில் எடுத்துப் பாருங்கள். கிணறு, வாய்க்கால் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். பாதி வீடு தூர்த்த கிணற்றின் மேலும் பாதி கெட்டித் தரையிலும் நின்றால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது. மண் பரிசோதனைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. களி ஆழமாக இருந்தால் அண்டர்ரீம் பைல்தான், அதாவது அடியில் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூண்; 3.5 மீட்டர் ஆழமாவது வேண்டும். மேடாக்குவதானால் முதலில் வேரோடு மேல்மண்ணைச் சுரண்டி எடுங்கள். பிறகு 20 செ.மீ. அடுக்காகக் கொட்டித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டச் சொல்லுங்கள். இடிபாட்டுக் குப்பையை லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.

கான்கிரீட் போடும் அன்று குழிக்குள் நீங்களே எட்டிப் பாருங்கள். அடியில் கறுத்த மண்ணும் நெல் வேரும் தெரிந்தால் அது வயலின் மேல்மண். இன்னும் தோண்டச் சொல்லுங்கள்.