வீங்கிய விரலும் கழலாத மோதிரமும்

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து முள் குத்தாத கை கிடையாது. மலேசியாவில், சுங்கை சிப்பூட் பக்கம் குலை வெட்டுகிறவர்கள், முள் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையுறையோடு மீதி வேலையைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றும்போதுதான் விரல் வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருப்பது தெரியும். அப்புறம் வீடே கூடிவிடும். ஒருவர் சோப்பு போடுவார், இன்னொருவர் பிடித்து இழுப்பார். இழுக்க இழுக்க வீக்கம் கூடுமே தவிர மோதிரம் நகராது.

காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளில் அழுத்தம் அதிகம். ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் பாதரசம். ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்போது, 10, 15 அளவுதான். அதனால் மோதிரம் இறுக்கினால் முதலில் நசுங்குவது சிரைகளும் நிணநீர்க் குழாய்களும். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் கசிந்து சதையில் இறங்குகிறது. விரல் பருக்கிறது, மோதிரம் மேலும் இறுக்குகிறது, மறுபடியும் நீர் கசிகிறது. கடைசியில் தமனியும் நசுங்கினால் விரல் நுனி செத்துப்போகக்கூடும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நேராக இழுப்பது ஏன் உதவாது? விரலின் நடு மூட்டுதான் மோதிரம் தாண்ட வேண்டிய மேடு. இழுக்கும்போது தளர்ந்த தோலெல்லாம் மோதிரத்துக்கு முன்னால் சுருண்டு, அந்த மேட்டை இன்னும் உயர்த்திவிடுகிறது. எலும்பைச் சுருக்க முடியாது. நீரைத்தான் வெளியேற்ற முடியும்.

எனவே முதலில் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிரைகளில் தேங்கியது தானாகக் கீழே வடியும். துணியில் சுற்றிய ஐஸை ஐந்து பத்து நிமிடம் வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி வரத்து குறையும். பிறகு சோப்புத் தண்ணீரோ சமையல் எண்ணெயோ தடவி, ஒருவர் மூட்டுத் தோலை உள்ளங்கைப் பக்கம் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மோதிரத்தை இடம் வலமாகத் திருகியபடி நகர்த்த வேண்டும். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும், அவசரப்படாமல் செய்யுங்கள்.

நகரவில்லையா? நூல் இருக்கிறது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலோ மெல்லிய ரிப்பனோ ஒரு மீட்டர் போதும்; பூ கட்டும் நூல் சதையை அறுக்கலாம். ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் நீட்டி விடுங்கள். மீதி நூலை மோதிரத்தின் விளிம்பிலிருந்து நகத்தை நோக்கி, சுற்றோடு சுற்று ஒட்டி, நடு மூட்டைத் தாண்டும்வரை இறுக்கமாகச் சுற்றுங்கள். சுற்றிய இடத்தில் வீக்கம் தட்டையாகும், மூட்டின் மேல் தோலும் குவியாமல் படிந்து நிற்கும். இப்போது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் முனையை விரல் நுனியை நோக்கிப் பிடித்து, வட்டமாகச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மோதிரம் அடுத்த சுற்றின் மேல் ஏறி நகரும். மூட்டைத் தாண்டும் இடத்தில் வலிக்கத்தான் செய்யும். ஆனால் சில நிமிடங்களில் முடியவில்லை என்றால் நூலை எடுத்துவிட வேண்டும். அதுவும் ரத்தத்தைத் தடுக்கிறது.

எலும்பு முறிந்திருந்தாலோ ஆழமான வெட்டுக் காயம் இருந்தாலோ நூல் பக்கமே போகாதீர்கள். விரல் நீலமாகவோ வெளிறியோ சில்லிட்டோ மரத்தோ போனாலும் அப்படியே. நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள்: இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். நம் நாட்டில் பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்பு மீட்புப் படையினர், மோதிரம் வெட்டி எடுப்பதை வழக்கமாகவே செய்கிறார்கள்.

அவர்கள் கருவி டின் திறப்பானைப் போல வேலை செய்யும். மெல்லிய உலோக நாக்கு ஒன்று மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைந்து காவல் நிற்க, மேலே சிறு பல்சக்கரம் சுழன்று அறுக்கும். 916 தங்கம் மிருதுவானது, சீக்கிரம் அறுபடும். எஃகுக்கு நேரமாகும், சூடும் ஏறும், அதனால் தண்ணீர் சொட்டவிட்டு அறுப்பார்கள். டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தை இந்தச் சக்கரத்தால் அறுக்க முடியாது. ஆனால் அது கடினமானதே தவிர வளைந்து கொடுக்காது, இடுக்கியால் நெருக்கினால் வெடித்து உடைந்துவிடும். தெரிந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப் கிரைண்டரிடம் விரலை நீட்ட வேண்டாம்.

கல்யாண மோதிரத்தை வெட்டினால் ஆகாது என்று தயங்குகிற குடும்பங்கள் உண்டு. அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனாலும் தங்கத்தைப் பற்றவைக்கலாம், விரலைப் பற்றவைக்க முடியாது. முள்ளோ குளவியோ குத்திய உடனே, வீக்கம் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை. கர்ப்பிணிக்கு மோதிரம் திடீரென்று இறுகி, முகமும் வீங்கினால், மோதிரத்தோடு நிறுத்தாமல் கிளினிக்கில் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டிய மோதிரத்தைச் சரிசெய்ய நகைக்கடைக்குப் போகிறவர்கள் வீக்கம் முழுதாக வடிந்த பிறகு, சாயங்காலம் போங்கள். காலைக் குளிர்ச்சியில் விரல் மெலிந்திருக்கும், அப்போது எடுத்த அளவு வெயில் நேரத்தில் இறுக்கும்.