லிப்பிட்னா எண்ணெய் மட்டுமா? சோயா விதைய வெச்சு ஒரு சொல் விளக்கம்

லிப்பிட்ங்கற சொல்ல நம்மாளுங்க கொழுப்புன்னோ எண்ணெய்னோ எழுதிட்டுப் போயிடறாங்க. ரெண்டுமே பத்தாது.

வேர் கிரேக்கம், லிபோஸ்னா கொழுப்பு. 1923-ல பிரான்ஸ் வேதியியலாளர் கப்ரியேல் பெர்த்ரான் இத ஒரு பொதுப்பேரா முன்வெச்சார். தண்ணில கரையாம ஈதர், குளோரோஃபார்ம் மாதிரி கரைப்பான்ல கரையற பொருள்கள் ஒரு பெரிய குடும்பம், எண்ணெய் அதுல ஒரு ஆள்தான். நம்ம எண்ணெய்ங்கற சொல்லே எள் + நெய்தானே, அது எப்படி இந்த மொத்தக் குடும்பத்தையும் தாங்கும்?

சோயா காய் பச்சையா இருக்கறப்ப விதைய நசுக்கிப் பாருங்க, பச்சைப்பசேல்னு தண்ணியா வரும், விரல்ல பிசுக்கே ஒட்டாது. ஆனா அதுலயும் லிப்பிட் இருக்கு! செல் சவ்வுல பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போலிப்பிட், பச்சையம் இருக்கற சவ்வுல கேலக்டோஸ்ங்கற சர்க்கரை சேர்ந்த கேலக்டோலிப்பிட், இதுங்கதான் இளம் விதைல முக்கியம், நாம எண்ணெய்னு சொல்ற ட்ரைகிளிசரைடு அப்போ கொஞ்சமாத்தான் இருக்கும். காய் முத்த முத்த ட்ரைகிளிசரைடு குட்டிக் குட்டித் துளியா சேருது, ஒவ்வொரு துளிக்கும் ஒலியோசின்னு ஒரு புரதம் போர்வை மாதிரி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம காக்கும், எல்லாம் நாளைக்கு முளைக்கற செலவுக்கான சேமிப்பு. நெத்தாகி காய் கலகலன்னு ஆடற சமயம் விதை எடைல ஏறக்குறைய 20 சதவீதம் எண்ணெய். பாஸ்போலிப்பிட் காணாம போகல, அதோட பங்குதான் சுருங்கிடுச்சு, சாக்லேட் கவர்ல போட்டிருக்கற சோயா லெசித்தின் அதுலேர்ந்துதான் வருது.

இந்த லிப்பிட்டுகளுக்குள்ள இருக்கற கொழுப்பு அமிலமும், அதாவது நீளமான கார்பன் சங்கிலியும், மாறுது. அதுல லினோலெனிக், லினோலெயிக்னு ரெண்டு வகையப் பாப்போம். பிஞ்சு விதைல லினோலெனிக் பங்கு கூடுதல், முத்தினா அது சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கி லினோலெயிக் பாதிக்கு மேல ஏறிடும். லினோலெனிக்தான் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வைக்கறது, அதனால இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்ல.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வரேன். இலங்கைப் பாடநூல்ல இலிப்பிட்டுன்னு இருக்கு, தமிழ்ல லகரத்துல சொல் தொடங்காதுங்கறதால முன்னாடி இகரம் சேர்த்தது. அது ஒலிக்குச் சரி, பொருள் தெரியாது. என் ஓட்டு கொழுமியத்துக்கு, கொழுமைலேர்ந்து வர்றது, கொழுப்போட உறவும் தெரியும், கொழுப்புன்னே குழம்பவும் மாட்டோம். பாஸ்போலிப்பிட்ட பாஸ்போ கொழுமியம்னு எழுதலாம். ஃபேட்டி ஆசிட் மட்டும் கொழுப்பு அமிலமாவே இருக்கட்டும், அது நல்லா ஊறிப்போன சொல்.