தேக்கா என்று கேட்கிறீர்கள், காய்ந்ததா என்று கேட்பதில்லை

தென்காசிப் பக்கம் மரப்பட்டறை வைத்திருப்பவனிடம் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தேக்குதானே ஆசாரி?" அடுத்தது, கன அடி என்ன விலை. அதற்கடுத்தது, என்றைக்குக் கிடைக்கும். மரத்தில் ஈரம் எவ்வளவு என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ரிப்பேருக்கென்று பட்டறைக்குத் திரும்பி வரும் கட்டில், மேசை, அலமாரிகளில் பெரும்பாலானவை மட்ட மரத்தால் கெட்டவை அல்ல. மரம் நல்ல மரம்தான், காய்வதற்குள் வேலையை முடித்திருப்பார்கள்.

இதற்கு முக்கால்வாசிக் காரணம் முகூர்த்த நாள். ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொண்டு ஆடியில் சீர்க்கட்டில் சொல்ல வருவார்கள். ஆடியில் எங்கள் ஊரில் சாரல். துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. "அண்ணாச்சி, மரம் ஈரமா இருக்கு, தை வரைக்கும் பொறுங்க" என்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். அங்கே இரண்டு வாரத்தில் கட்டில் ரெடி. அந்தப் பட்டறைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மரத்தை வாங்கி மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதற்கு இடம் வேண்டும், முதல் வேண்டும், அந்த முதலுக்கு வட்டி ஓடும். அதற்குக் காசு தர யாரும் தயாராக இல்லாதபோது அவர் மட்டும் என்ன செய்வார்?

புதிதாக வெட்டிய மரத்தில், அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல்கூடத் தண்ணீர் இருப்பதுண்டு. இந்தத் தண்ணீர் இரண்டு விதமாக வெளியேறும். முதலில் மரக்குழாய்களில் சும்மா நிற்கிற தண்ணீர் போகும். அது போகும்போது மரம் எடை குறையும், ஆனால் அளவு மாறாது. ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் நார்களின் சுவரில் ஊறியிருக்கிற தண்ணீர் கிளம்பும், அப்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். ஏமாற்றம் இங்கேதான். அறுத்து ஒரு மாதம் ஆன பலகை எடை குறைந்து, மேல்பக்கம் வெளிறி, காய்ந்ததுபோலவே இருக்கும். சுருங்க வேண்டியதெல்லாம் இன்னும் பாக்கி இருக்கும்.

செங்கோட்டை மர டிப்போவில் எடுத்த ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகை ஒன்றை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருந்தேன். ஈரமானியின் இரண்டு ஊசியையும் மேல்பரப்பில் குத்தினால் 13 காட்டியது. "பாத்தீங்களா, காஞ்சிருக்கே" என்பார்கள். அதே பலகையை நடுவே குறுக்காக அறுத்து, அறுத்த முகத்தின் மையத்தில் குத்தினால் 24. தோல் காய்ந்து, உள்ளே பச்சை. ஈரமானி இப்போது பெரிய விலை இல்லை. ஆனால் எங்கே குத்துகிறோம் என்பதைப் பொறுத்தது அது சொல்லும் சேதி. பலகையின் நுனியில் குத்திக் காட்டுபவரை நம்ப வேண்டாம். நுனி வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக வெளியேறும், அங்கே எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நல்ல டிப்போக்களில் கட்டையின் இரு நுனியிலும் பெயின்ட் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு இல்லை, நுனி மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்காமல் இருக்கத்தான்.

பச்சை மரத்தில் செய்த கட்டில் ஆறு மாதத்தில் 'கிரீச்' என்று சத்தம் போடுவது எப்படி என்று பாருங்கள். கைவேலையில் நாங்கள் காலில் துளை எடுத்து, சட்டத்தின் நுனியை நாக்குபோலச் சீவி, பசை வைத்து இறுக்கிச் சொருகுகிறோம். சொருகிய அன்று சுத்தியல் இல்லாமல் இறங்காது. மரம் காயக் காய நாக்கு சுருங்கும், துளையும் கோணும். ஈர மரத்தில் வெள்ளைப் பசையும் சரியாகப் பிடித்திருக்காது. பிறகென்ன, புரண்டு படுத்தாலே சத்தம்தான். உடனே ஒரு இரும்பு எல்-ஆங்கிள் வாங்கி ஸ்குரூ போடுவார்கள். சுருங்கிய பொருத்தை இரும்பு இறுக்காது; ஆடுகிற ஆட்டத்தில் ஸ்குரூ துளைதான் பெரிதாகும்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகவும் கொஞ்சம், கணக்கில் எடுக்கவே வேண்டாம். அகலவாக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகிற திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். மற்ற மரங்களோடு பார்த்தால் தேக்கு குறைவாகச் சுருங்குகிற ஜாதி, அதன் மரியாதையே அதனால்தான். ஆனாலும் இரண்டடி அகல மேசைப்பலகையில் ஈரம் ஐந்து விழுக்காடு இறங்கினால் கால் அங்குலம் வரை அகலம் குறையலாம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கிற சாரல் காலத்தில் மரம் 15, 16-இல் நிற்கும். அதே மேசை சென்னையில் ஏசி ஓடுகிற அறைக்குப் போனால் 9, 10-க்கு வந்துவிடும். அதனால்தான் மேசைப்பலகையை அடியிலிருந்து ஸ்குரூ போடும்போது வட்டத் துளை போடாமல் நீள்துளை போடுகிறோம், பலகை நகர வழி வேண்டும். அலமாரிக் கதவின் நடுப்பலகையையும் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பசை இல்லாமல் சும்மாதான் நிறுத்துவோம். இதைத் தெரியாத பாலிஷ்காரர் அந்தச் சந்தில் பட்டி வைத்து நன்றாக அடைத்து, வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிடுவார். அடுத்த பங்குனிக்குள் அந்தக் கோட்டில் வெடிப்பு. பழி மரத்தின்மேல், இல்லையென்றால் ஆசாரிமேல்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பர்மா தேக்கு, இப்பத்தான் முழுக்கட்டையா இறங்குச்சு' என்று யாராவது சொன்னால் பில்லைக் கேளுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் நட்டு வளர்த்த தேக்கும் இன்று நிறைய வருகிறது. அதுவும் தேக்குதான், மோசமில்லை. சின்ன வயதில் வெட்டியதாக இருந்தால் நடுவிலுள்ள கெட்டிப் பகுதியான வைரம் குறைவாகவும் சுற்றியுள்ள வெள்ளை அதிகமாகவும் இருக்கும், அவ்வளவுதான். கரையானுக்குத் தேக்கு அசராது என்பதெல்லாம் வைரத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளையில் இருக்கிற மாவுச்சத்துக்கு உளுப்பூச்சி வரலாம். தேக்குக் கலர் ஸ்டெயின் ஏறிவிட்டால் வைரம் எது, வெள்ளை எது என்று எனக்கே தெரியாது. ஆகவே சாமான் எங்கே வாங்கினாலும் பாலிஷுக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அந்தப் பக்கங்களுக்கும் ஒரு கோட் அடிக்கச் சொல்லுங்கள். பூச்சில்லாத நுண்துளைகளில்தான் உளுப்பூச்சி முட்டையிடும்; ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையவும் செய்யும்.

என்னைக் கேட்டால், நன்றாகக் காய்ந்த வேம்போ வாகையோ பூவரசோ பச்சைத் தேக்கைவிட மேல். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கிற கட்டில், பெட்டகம் எல்லாம் தேக்கா? பாதி பலா, பூவரசுதான். இடித்த வீட்டு உத்திரம், கதவு கிடைத்தால் இன்னும் நல்லது, பல பத்தாண்டுகளாக நிழலில் காய்ந்த மரம் அது. உள்ளே ஒடிந்து கிடக்கிற பழைய ஆணி வாள்பல்லை உடைக்கும் என்பதால் அறுப்புக்கூலி கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

காய்ந்த மரத்துக்கு ஒரு கெடுதல் உண்டு, அது எங்களுக்கு. ஈர மரம் அறுக்கும்போது தூள் கனமாகக் கீழே விழும். காய்ந்த மரத்தை இழைத்து, மெஷினில் தேய்த்தால் வருவது மாவு, அது காற்றிலேயே நிற்கும். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, குறிப்பாக மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. இன்னும் பாதிப் பட்டறைகளில் மூக்கில் கட்டுவது துண்டுதான். துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூளைத்தான் தடுக்கும், மாவைத் தடுக்க என்95 மாஸ்க் வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஆசாரி வைத்து வேலை பார்ப்பவர்கள் தேய்ப்பு வேலையை மட்டுமாவது வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

சரி, ஆர்டர் கொடுக்கிறவர் என்ன செய்யலாம்? கல்யாணம் பேசி முடித்ததும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறீர்களே, அப்போதே மரத்துக்கும் கொடுத்துவிடுங்கள். பலகையாக அறுத்து, இடையில் ரீப்பர் என்கிற மெல்லிய சட்டம் வைத்து, காற்றோட்டமாக நிழலில் அடுக்கட்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு அங்குலப் பலகை அதற்கு முன்பே தயாராகிவிடும். அவசரம் என்றால் சூளையில் வைத்து உலர்த்திய மரம் கேளுங்கள், விலை கூடும், வாரக்கணக்கில் முடியும். ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதே அடுக்கில் ஒரு சிறிய பலகைக்கு அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வரட்டும். அடுத்தடுத்த வாரங்களில் எடை இறங்காமல் நின்றுவிட்டால், அந்த ஊர்க் காற்றுக்கு அந்த மரம் காய்ந்துவிட்டது. பில்லில் மரத்தின் பெயரோடு வேலை தொடங்கிய நாளில் ஈரம் எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

ஏற்கெனவே சாமான் வீட்டுக்கு வந்துவிட்டது, சாரலில் அலமாரி டிராயர் இறுகி நிற்கிறது என்றால் உடனே ஆளைக் கூப்பிட்டுச் சீவிவிடாதீர்கள். ஓடுகிற கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் தை வரை பாருங்கள். தையிலும் இறுகியே இருந்தால் சீவலாம். ஆடியில் சீவிய டிராயர் பங்குனியில் லொடலொட என்று ஆடும், சீவியதை ஒட்டவைக்க முடியாது.