தான்சானியாவுல "பிளாஸ்டிக் பல்" பிடுங்குறாங்க

தான்சானியாவுல பல் டாக்டரா வேலை பாத்தப்போ பத்து பன்னெண்டு வயசுப் பசங்க சிலர் வாயைத் திறந்தா கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கும், பக்கத்துப் பல்லு அந்தப் பக்கம் சாஞ்சு வரிசையே கோணிப் போயிருக்கும், எனாமல் குழி குழியா இருக்கும். சொத்தையும் இல்ல அடியும் படல. அம்மாகிட்ட கேட்டா சின்னதுல "மெனோ யா பிளாஸ்டிக்கி" எடுத்தோம்னு சாதாரணமா சொல்வாங்க. அதாவது பிளாஸ்டிக் பல்லு. சில இடத்துல நைலான் பல்லும்பாங்க. உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, சூடான்லயும் வேற வேற பேர்ல இது இருக்கு.

ஆறேழு மாசக் குழந்தைக்கு வயித்தால போகுது, காய்ச்சல் அடிக்குது, பால் குடிக்க மாட்டேங்குது. ஈறைப் பாத்தா கோரைப்பல் வர்ற இடம் வெளுத்து உப்பியிருக்கு. உள்ள புழு இருக்கு, எடுக்கலன்னா குழந்தை தங்காதுன்னு நம்பிக்கை. உடனே நாட்டு வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க, அவர் சைக்கிள் போக்ஸ் கம்பியோ ஆணியோ பிளேடோ கையில கிடைச்சதை வச்சு, மரத்துப்போற ஊசி எதுவும் இல்லாம, ஈறைக் கீறி உள்ள இருக்குற பல் முளையை நோண்டி எடுத்துடுவார். எடுத்ததைக் காட்டவும் செய்வார். வெள்ளையா மெத்துன்னு நிஜமாவே புழு மாதிரித்தான் இருக்கும், ஏன்னா அந்த வயசுல பால்பல்லு பாதிதான் கெட்டியாகியிருக்கும், அந்தப் பல்லு வெளிய வர்றதுக்கே பொதுவா 16 மாசம் தாண்டும். கண்ணால பாத்த அம்மாகிட்ட போய் அது புழு இல்லம்மான்னா எப்படி நம்புவாங்க?

இதுல காலக்கணக்குதான் எல்லாரையும் ஏமாத்துது. 6 மாசம்னா கஞ்சி குடுக்க ஆரம்பிக்கிற நேரம், தண்ணி சுத்தமில்ல, பிறக்கும்போது அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்பு சக்தியும் குறைஞ்சிட்டே வருது, குழந்தை கண்டதையும் எடுத்து வாயில வைக்குது. வயித்தால போகாம இருந்தாத்தான் அதிசயம். முக்காவாசி வயித்துப்போக்கு சில நாள்ல தானா நின்னுடும், பல்லைப் பிடுங்கின பிறகு நின்னா பேரு வைத்தியருக்கு, நிக்காம குழந்தை போயிட்டா லேட்டா கொண்டு வந்துட்டீங்கம்பார். அவரு எங்க தோக்குறது!

மலேரியால ஏற்கனவே ரத்தம் குறைஞ்ச குழந்தைக்கு அந்த ரத்தப்போக்கே ஆபத்து. அதோட செப்டிக் ஆகலாம், டெட்டனஸ் வரலாம், ஒரே கம்பியை அடுத்தடுத்த குழந்தைக்கு வச்சா எச்ஐவி பயம் வேற. கீழ இருக்குற நிரந்தரப் பல்லோட முளையும் சிதைஞ்சிடுது, நான் பாத்த காலி இடமெல்லாம் அப்படி வந்ததுதான். எனக்கு இதையெல்லாம் விட பெரிய கவலை, ஓஆர்எஸ் குடுக்க வேண்டிய நேரம் வீணாப் போறது.

கடலோரப் பக்கம் இன்னொண்ணு, "டெகெடெகெ". காய்ச்சல்ல வர்ற வலிப்பை அப்படிச் சொல்வாங்க. அது ஆவி வேலை, அந்த நேரத்துல ஊசி போட்டா குழந்தை செத்துரும்னு ஒரு பயம். யானைச் சாணி புகை போடுறதும் உண்டு. பல நேரம் உள்ள இருக்குறது கடுமையான மலேரியா, அங்க ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. (சிரிக்காதீங்க, மாந்தம்னு சொல்லி குழந்தை வயித்துல சூடு போட்ட தழும்பை நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயும் பாக்கலாம்.)

அங்க வேலைக்குப் போற நம்ம டாக்டர், நர்ஸ் யாராச்சும் படிச்சா ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை உங்ககிட்ட வரமாட்டாங்க, அவ்வளவுதான். "பிளாஸ்டிக் பல் இருக்கு"ன்னு வந்தா முதல்ல ஈறைத் தொட்டுப் பாருங்க, படம் வச்சு உள்ள பல்லு எப்படி வளருதுன்னு காட்டுங்க, மலேரியா டெஸ்ட் எடுங்க, வயித்துப்போக்குன்னா ஓஆர்எஸ்ஸும் 10லேர்ந்து 14 நாளைக்கு ஜிங்க்கும் குடுத்துட்டு, தாய்ப்பால நிறுத்த வேணாம்னு சொல்லி அனுப்புங்க. தடுப்பூசிக்கும் எடை பாக்குறதுக்கும் வர்ற நாள்ல, ஈறு உப்புறதுக்கு முன்னாடியே இதைப் பேசுனா இன்னும் நல்லது, பயம் வந்தப்புறம் யார் காதுலயும் ஏறாது. கூட பாட்டி வந்திருந்தா அவங்களை உக்கார வச்சு அவங்ககிட்டயே சொல்லுங்க, வைத்தியர்கிட்ட போகலாமா வேணாமான்னு வீட்ல முடிவு பண்றது நிறைய நேரம் அவங்கதான்.