எழுதும், ஆனால் படிக்காது: பழைய பேரலல் போர்ட்டை நம்பியிருப்பவர்களுக்கு

கோவையில் ஒரு சிறிய பட்டறை. நெசவு இயந்திரங்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கிறார்கள். சிப்புக்குள் புரோகிராம் ஏற்றும் பழைய கருவி ஒன்றை, கம்ப்யூட்டரில் முன்பு பிரிண்டர் மாட்டப் பயன்பட்ட பேரலல் போர்ட்டில் மாட்டிப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஒருநாள் கூப்பிட்டார்கள். “எழுதறதெல்லாம் சரியா எழுதுதுங்க. திருப்பிப் படிக்கச் சொன்னா மட்டும் தப்பு தப்பா காட்டுதுங்க” என்றார் மேற்பார்வையாளர். கருவி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று எனக்கு முன்பே வந்து பார்த்த ஒருவர் சொல்லியிருந்தார்.

நான் கருவியைத் திறக்கவே இல்லை. திரையின் மூலையில் தேதி பல வருடம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும் அடிப்படைப் புரோகிராமான பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்துவிட்டது. போர்ட்டும் அதன் ஆரம்ப நிலையான ‘நார்மல்’ என்பதற்கு, அதாவது டேட்டா வெளியே மட்டும் போகும் ஒருவழி நிலைக்கு, திரும்பியிருந்தது. பேட்டரியை மாற்றி, பயாஸில் ‘பை-டைரக்‌ஷனல்’ (இருவழி) என்று வைத்தேன். கருவி படிக்கத் தொடங்கிவிட்டது.

பழுதாகாத கருவிகள் இப்படிக் குப்பைக்குப் போவதைப் பலமுறை பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பேரலல் போர்ட் பிறந்தது பிரிண்டருக்காக. சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் தன் பிரிண்டருக்கு வைத்த இணைப்பு முறையைத்தான் ஐபிஎம் 1981இல் தன் பிசியில் 25 பின் கொண்ட போர்ட்டாக எடுத்துக்கொண்டது. 8 பின்கள் டேட்டாவுக்கு, 4 கட்டுப்பாட்டுக்கு, 5 பிரிண்டரின் நிலையைச் சொல்வதற்கு, மீதி 8 எர்த். டேட்டா வெளியே மட்டும் போகும். பிரிண்டர் திருப்பிச் சொல்ல வேண்டியதெல்லாம் ‘வேலையாக இருக்கிறேன்’, ‘பேப்பர் தீர்ந்துவிட்டது’ போன்ற சேதிகள்தான். அதற்கு 5 கம்பி போதும்.

பிறகு ஸ்கேனர், வெளிப்புற டிஸ்க், சிப் புரோகிராமர் எல்லாம் இதே போர்ட்டைத் தேடி வந்தன. உள்ளே டேட்டா வர வழியில்லை. அந்த 5 நிலைக் கம்பிகளில் நான்கைப் பிடித்து, 8 பிட் கொண்ட ஒரு பைட்டைப் பாதி பாதியாக இரண்டு தடவையில் உள்ளே இழுத்தார்கள். நிப்பிள் முறை என்று இதற்குப் பெயர். எந்தப் பழைய போர்ட்டிலும் ஓடும் என்பது இதன் பலம். ஆனால் நொடிக்கு 50 கிலோபைட் அளவில்தான் வேகம்.

1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களில் டேட்டா கம்பிகளே இருவழி ஆயின. போர்ட்டுக்குக் கட்டளை எழுதும் இடமான கன்ட்ரோல் ரிஜிஸ்டரில் 5ஆம் பிட்டை 1 ஆக்கினால், கம்ப்யூட்டர் அந்த 8 கம்பிகளையும் தள்ளுவதை நிறுத்திவிட்டு, எதிரில் இருக்கும் கருவி சொல்வதைக் கேட்கும். பட்டறையில் நடந்த கோளாறு இங்கேதான். ‘நார்மல்’ நிலையில் அந்தப் பிட்டுக்கு மதிப்பே இல்லை. சாஃப்ட்வேர் ‘படி’ என்கிறது. போர்ட்டோ தான் கடைசியாக எழுதியதையே கம்பியில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கருவியும் அதே கம்பியில் பேசுகிறது. திரையில் வருவது இரண்டும் கலந்த குழப்பம்.

அது வெறும் தவறான எண்ணோடு முடிவதும் இல்லை. ஒரே கம்பியை ஒரு பக்கம் 5 வோல்ட்டுக்கும் மறுபக்கம் பூஜ்யத்துக்கும் இழுத்தால், இடையில் ஓடும் மின்சாரம் போர்ட்டின் சிப்பையோ கருவியின் சிப்பையோ சுட்டுவிடலாம். அந்த நிலையிலேயே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்காதீர்கள். முதலில் பயாஸைப் பாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். சாதாரண முறையில் ஒரு பைட் அனுப்ப பிராசசரே எல்லாம் செய்ய வேண்டும். பிஸி கம்பியைப் பார், டேட்டாவை வை, ‘டேட்டா தயார், எடுத்துக்கொள்’ என்று சொல்லும் ஸ்ட்ரோப் கம்பியை இறக்கு, ஏற்று. அதனால்தான் நொடிக்கு 150 கிலோபைட் அளவிலேயே அது திணறுகிறது. இன்டெல், ஜிர்காம், ஜெனித் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈபிபி முறையில் பிராசசர் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கை கொடுத்து வாங்கும் சடங்கு முழுவதையும் போர்ட் சிப்பே நடத்திவிடும். நொடிக்கு 500 கிலோபைட் முதல் 2 மெகாபைட் வரை போகும். ஒரு பைட் எழுதி, அடுத்த பைட்டைப் படிக்கலாம். திசை மாற்றத் தனிப் பேச்சுவார்த்தை தேவையில்லை.

எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் கொண்டுவந்த ஈசிபி வேறு வகை. வரிசையாகப் பைட்டுகளைத் தேக்கி வைக்கும் இடம், டிஎம்ஏ வழியாக பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்துக்கு நேராகப் போகும் வசதி, ஒரே பைட் தொடர்ந்து வந்தால் சுருக்கி அனுப்பும் வசதி எல்லாம் உண்டு. பக்கம் பக்கமாக அச்சடிக்கவும் ஸ்கேன் செய்யவும் அருமை. ஆனால் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். பயாஸ் காட்டும் பட்டியலில் கடைசியில் இருப்பதுதான் உயர்ந்தது என்று நினைத்து எல்லோரும் ஈசிபி வைக்கிறார்கள். அது தவறு. உங்கள் கருவியின் கையேடு எந்த முறையைக் கேட்கிறதோ அதை வையுங்கள். 1994இல் வந்த ஐஈஈஈ 1284 தரம் இந்த முறைகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தது. அதை முழுதாகப் பின்பற்றும் கருவி, கம்ப்யூட்டரோடு பேசித் தனக்குத் தெரிந்த முறையைச் சொல்லும். அதற்கும் முந்தைய கருவிகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சாஃப்ட்வேர் போர்ட்டைக் கண்டுபிடிக்கும் எண்ணான முகவரியையும் கவனியுங்கள். வழக்கமாக ஹெக்ஸ் (16 அடிமான எண் முறை) 378 அல்லது 278. சில பழைய கார்டுகளில் 3BC இருக்கும். அதில் ஈபிபி ஓடாது. ஈபிபிக்கு 8 முகவரிகள் தொடர்ச்சியாக வேண்டும், அங்கே நான்கிலேயே டிஸ்ப்ளே கார்டின் எல்லை வந்துவிடும்.

கேபிளும் முக்கியம். சாதாரண பிரிண்டர் கேபிள் 2 மீட்டருக்கு மேல் போனால் வேகமான முறைகளில் பிழை வரத் தொடங்கும். ஒவ்வொரு சிக்னல் கம்பியோடும் ஒரு எர்த் கம்பி முறுக்கிய 1284 கேபிளானால் 10 மீட்டர் வரை தாங்கும்.

மின்சாரம் ஓடும்போது மாட்டுவதும் கழற்றுவதும் வேண்டவே வேண்டாம். யூஎஸ்பி பிளக்கில் எர்த் தொடுமுனை நீளமாக இருப்பதால் அது முதலில் தொடும். இதில் எல்லாப் பின்னும் ஒரே நீளம். எர்த் சேர்வதற்கு முன் ஒரு சிக்னல் பின் தொட்டுவிட்டால், இரு கருவிகளின் மின்னழுத்த வேறுபாடு முழுவதும் அந்த ஒற்றைப் பின் வழியாகப் பாயும். இரண்டையும் அணைத்த பிறகே கையை வையுங்கள்.

கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-டு-பேரலல் கேபிளை வாங்கி ஏமாறுகிறவர்களும் அதிகம். அது பிரிண்டருக்கு மட்டுமே. 378 என்ற முகவரி அதில் கிடையாது. போர்ட்டை நேரடியாகத் தொடும் சாஃப்ட்வேருக்கு அது கண்ணிலேயே படாது. சிப் புரோகிராமருக்கும், கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி வெட்டு இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக்கும் நிஜமான போர்ட்தான் வேண்டும்.

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், கேபினட்டின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி மார்க்கரால் எழுதினேன்: ‘பை-டைரக்‌ஷனல், 378’. கீழே பேட்டரி மாற்றிய தேதி.