ட்ரெமோலோ, வைப்ராட்டோ: இடம் மாறிய இரண்டு சொற்கள்

ஃபெண்டர் நிறுவனத்தின் '65 டீலக்ஸ் ரிவெர்ப்' என்னும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு முகப்பில் ஒரு பகுதிக்கு 'வைப்ராட்டோ' என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அங்கே வேகத்துக்கு ஒரு திருகும் அழுத்தத்துக்கு, அதாவது ஏற்ற இறக்கத்தின் ஆழத்துக்கு, ஒரு திருகும் உண்டு. அவற்றைக் கூட்டி வைத்துவிட்டுக் கால்சுவிட்சை மிதித்தால், ஒலி நொடிக்குச் சில முறை ஓங்கி ஓங்கித் தணியும். சுரமோ இருந்த இடத்தை விட்டு நகராது. இசைத்துறையில் இதற்குப் பெயர் ட்ரெமோலோ. அதே நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரிலோ, கம்பிகளின் இழுவிசையை மாற்றிச் சுரத்தையே அசைக்கும் உலோகக் கைக்கு 'ட்ரெமோலோ' என்று பெயரிட்டார்கள். லியோ ஃபெண்டர் 1956இல் பெற்ற காப்புரிமையிலும் அந்தப் பெயரே இருக்கிறது. ஒலியளவு அசையும் இடத்தில் வைப்ராட்டோ, சுரம் அசையும் இடத்தில் ட்ரெமோலோ என்று இரண்டு சொற்களும் ஒன்றின் இருக்கையில் மற்றொன்று அமர்ந்துவிட்டன.

இரண்டும் இத்தாலிய மொழி வழியாக வந்தவை. ட்ரெமோலோவின் வேர், நடுங்குதல் என்று பொருள்படும் 'ட்ரெமெரே' என்ற இலத்தீன் வினை. வைப்ராட்டோவின் வேர், அதிர்தல், ஆட்டுதல் என்று பொருள்படும் 'விப்ராரே'. வேரை மட்டும் பார்த்தால் எது ஒலியளவுக்கு உரியது, எது சுரத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிரித்தது வழக்குதான். வயலின் கலைஞர்கள் வில்லை வேகமாக முன்னும் பின்னும் இழுத்து ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதும் ட்ரெமோலோவே. அங்கும் சுரம் மாறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடக்கை விரலைக் கம்பியின் மேல் அசைத்துச் சுரத்தை நெளியவிடுவது வைப்ராட்டோ.

ஃபெண்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று சொல்வதற்கும் இல்லை. 1955இல் வந்த 'ட்ரெமோலக்ஸ்' ஆம்ப்ளிஃபயருக்குச் சரியான பெயரே அமைந்தது. அடுத்த ஆண்டு வந்த 'வைப்ரோலக்ஸ்' செய்ததும் அதே வேலைதான், பெயர் மட்டும் வேறு. கேட்பதற்குக் கவர்ச்சியாக இருந்தால் போதும் என்று விற்பனைப் பிரிவு நினைத்திருக்கும் என்பது என் ஊகம். பிக்ஸ்பி நிறுவனம் கிட்டாரில் பொருத்தும் தன் சுரம் அசைக்கும் கைக்கு 'உண்மையான வைப்ராட்டோ' என்று பெயர் வைத்ததைப் பார்த்தால், குழப்பம் அன்றைக்கே சந்தையில் இருந்தது புரிகிறது. மேக்னடோன் ஆம்ப்ளிஃபயர்கள் 1950களின் பிற்பகுதியிலேயே மின்சுற்றின் மூலம் சுரத்தை அசைத்தன. முகப்பில் வைப்ராட்டோ என்று எழுதும் உரிமை அவற்றுக்கே உண்டு.

டீலக்ஸ் ரிவெர்பின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் பெயரின் பிழை இன்னும் தெளிவாகும். விரலில் ஒரு கணு அளவேயான கறுப்புக் குழலுக்குள் ஒரு சிறு நியான் விளக்கும், அதன் எதிரே ஒளி பட்டால் மின்தடை குறையும் ஒரு துண்டும் இருக்கின்றன. விளக்கு மின்னும்போதெல்லாம் தடை குறைந்து, ஒலிக்குறிப்பின், அதாவது கிட்டாரின் ஒலியைச் சுமந்துவரும் மின்சாரத்தின், ஒரு பங்கு தரையிணைப்புக்கு வடிந்துவிடுகிறது; ஒலி தணிகிறது. அணைந்தால் மீண்டும் ஓங்குகிறது. வெளிச்சத்தில் தணிவு, இருட்டில் ஓங்கல். சுரத்தைத் தொடும் உறுப்பு இதில் ஒன்றுகூட இல்லை.

இந்த ஆம்ப்ளிஃபயரை இன்றும் தயாரித்து விற்கும் நிறுவனம் முகப்புத் தகட்டைத் திருத்தி அச்சிடுவதோடு நில்லாமல், மின்சுற்றிலும் கை வைக்கலாம். ட்ரெமோலோவைப் பயன்படுத்தாதபோதும் அழுத்தத் திருகு சுற்றிலேயே இணைந்திருந்து ஒலிக்குறிப்பை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. அதைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைத்தால் அந்தப் பகுதியின் வலு கூடும். பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையால் செய்துவரும் மாற்றம் இது. விளக்கின் துடிப்பு 'டிக் டிக்' என்று ஒலியில் கசியும் பழைய குறையைக் கம்பிகளின் அமைப்பைச் சீராக்கியே பெரிதும் அடக்கிவிடலாம். எதிரொலி போன்ற முழக்கம் தரும் ரிவெர்பும் ட்ரெமோலோவும் ஆம்ப்ளிஃபயரின் இரு பகுதிகளில் ஒன்றுக்கு மட்டுமே என்றிருப்பதையும் மாற்றலாம். கையால் கம்பியிணைத்துச் செய்யும் '64 கஸ்டம்' வடிவத்தில் இரு பகுதிகளுக்கும் அவற்றைக் கொடுத்திருக்கிறார்களே, விலை குறைந்த உடன்பிறப்புக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

தமிழில் என்ன சொல்வது? இரண்டுக்கும் 'அதிர்வு' என்றே எழுதிவிடுவது பழைய குழப்பத்தைப் புதிய மொழியில் தொடர்வதாகும். தவிரவும், கம்பி ஒலிப்பதே அதிர்வினால்தான். 'நடுக்கம்' என்றால் குரல் நடுக்கம் நினைவுக்கு வருகிறது, அதில் அளவும் சுரமும் சேர்ந்தே ஆடும். ட்ரெமோலோவுக்கு 'ஒலித்துடிப்பு' பொருந்தும். நாடித்துடிப்பைப் போல ஓங்கித் தணிவதை அது காதுக்குக் காட்டுகிறது. வைப்ராட்டோவுக்குச் சிலர் 'சுருதி அசைவு' என்று எழுதக்கூடும். ஆனால் நம் இசையில் சுருதி என்பது தம்புரா காட்டும் ஆதார ஒலி. அது அசைந்தால் கச்சேரி கெட்டது. அசைவது சுரம் என்பதால் 'சுர அசைவு' என்பதே சரி. சுரத்தை அசைத்துப் பாடுவது என்று பாடகர்கள் ஏற்கெனவே சொல்லிவருகிறார்கள். கமக வகையான கம்பிதம் அதற்கு நெருங்கிய உறவு என்றாலும், இராகத்தின் இலக்கணத்தோடு பிணைந்த அந்தச் சொல்லை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் டீலக்ஸ் ரிவெர்பில் இருப்பது ஒலித்துடிப்புப் பகுதி. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது சுர அசைவுக்கான கை. கிட்டார் வாசிப்பவர்கள் அந்தக் கையைப் பெரும்பாலும் 'வாமி பார்' என்றே சொல்கிறார்கள். கொச்சைதான் என்றாலும், காப்புரிமையில் ஏறிய பெயரைவிட அதில் பிழை குறைவு.