நாலு புள்ளி எடுத்தவரைத் திட்டுவதற்கு முன்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் என்பிஏ கூடைப்பந்து ஆட்டம், நவம்பர் தொடங்கி மார்ச் முதல் வாரம்வரை நமக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதிகாலை 2 மணி. மேற்குக் கரை ஆட்டம் என்றால் விடியற்காலை 5. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் வார நாளில் முழு ஆட்டத்தையும் பார்ப்பது நடக்காத காரியம். காலையில் எழுந்ததும் பாக்ஸ் ஸ்கோரையும் (யார் எத்தனை நிமிடம், எத்தனை புள்ளி என்ற பட்டியல்) பத்து நிமிட ஹைலைட்ஸையும் பார்த்துவிட்டு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குழுவானாலும் ஃபீனிக்ஸ் பகுதிக் குழுவானாலும், வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: "இருபத்தஞ்சு நிமிஷம் ஆடி நாலே பாயிண்ட். இவன இன்னும் எதுக்கு வெச்சிருக்காங்க?"

அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது. தோற்கும் அணியில்தான் எட்டாவது, ஒன்பதாவது ஆளின் பெயரெல்லாம் நம் வாயில் விழுகிறது. ஆனால் ரோல் பிளேயரை, அதாவது நட்சத்திரமாக இல்லாமல் குறிப்பிட்ட சில வேலைகளுக்காக ஆடுகிறவரை, எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடவே கூடாத இடமும் அதுதான்.

கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணியிடம் பங்கிட 240 நிமிடம் இருக்கிறது. முதல் மூன்று பேர் ஆளுக்கு 35 நிமிடம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 135. அதை ஆறேழு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். பந்தைக் கையாளும் வாய்ப்பும் இப்படித்தான். ஷாட், ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எதில் முடிந்தாலும், அணியின் தாக்குதல்களில் ஒருவர் கையில் முடிபவை சராசரியாக 20 சதவீதம். நட்சத்திர வீரர் 30 சதவீதமும் இரண்டாமவர் 25 சதவீதமும் எடுத்துக்கொண்டால் மற்ற மூவரும் ஆளுக்கு 15 சதவீதத்தில் அடங்கியாக வேண்டும். அந்த 15 சதவீதத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று கோச் சொல்லி வைத்திருப்பார்: மூலையில் நில், பந்து வந்தால் உடனே எறி, எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவரும் வீரரை) பிடி, ஸ்கிரீன் போடு, அதாவது நம் ஆளைத் துரத்துகிறவரின் வழியில் குறுக்கே நில். ரோல் பிளேயரின் வேலை அவ்வளவுதான். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த வேலை நடந்ததா என்பதுதான்.

தோற்கும் அணியில் இந்த ஏற்பாடு கலைந்துபோகிறது. நட்சத்திரம் காயத்தில் இருப்பார், அல்லது நட்சத்திரமே இருக்க மாட்டார். எட்டாவது ஆள் ஐந்தாவது இடத்துக்கும், ஐந்தாவது ஆள் இரண்டாவது இடத்துக்கும் ஏறுகிறார்கள். கிரிக்கெட்டில் எட்டாவதாக இறங்குகிறவரைத் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பிவிட்டு, புதுப்பந்தில் அவுட் ஆனதற்கு அவரைக் குறை சொல்வது போன்ற நிலை. இதுவரை அந்த ரோல் பிளேயருக்கு, தடுக்க வந்த இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட நட்சத்திரம் பந்தைத் தூக்கிக் கொடுத்தார். ஷாட் தனியாகக் கிடைத்தது. இப்போது அவரே பந்தைத் தட்டிக்கொண்டு போய், தன் மேல் ஆள் இருக்கும்போது எறிய வேண்டும். அதே கை, அதே பழக்கம். ஷாட் மட்டும் வேறு. சதவீதம் இறங்கத்தான் செய்யும்.

இன்னொரு தொல்லை 24 விநாடிக் கடிகாரம். திட்டம் குலைந்து, பந்து இரண்டு மூன்று கை மாறி, 3 விநாடி மிச்சமிருக்கும்போது பெரும்பாலும் யாரிடம் வந்து விழுகிறது? மூலையில் நிற்கிற ரோல் பிளேயரிடம். எறிந்தே தீர வேண்டும். எறியாமல் வைத்திருந்தால் பந்து எதிரணிக்கு. அந்தத் தவறிய ஷாட் அவர் கணக்கில்தான் ஏறும். முந்தைய 21 விநாடியை வீணாக்கியவர் கணக்கில் ஏறாது. மூலை ஷாட் என்பதால் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். என்பிஏவில் மும்புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர், மூலையில் சுமார் 6.70 மீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் எல்லைக் கோட்டுக்கும் மும்புள்ளிக் கோட்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் குறைவான இடம். கால் வைக்கும் இடத்தைப் பார்க்க நேரமில்லாதபோது அதுவும் கஷ்டம்தான்.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24 பருவத்தில் 14 வெற்றி, 68 தோல்வி. அதில் 28 ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றார்கள். அடுத்த பருவத்தில் 44 வெற்றி. ஐசேயா ஸ்டூவர்ட் இரண்டு பருவமும் அங்கேதான் இருந்தார். தோற்ற வருடத்தில் தொடக்க வீரராகச் சுமார் 31 நிமிடம் ஆடி, ஆட்டத்துக்கு ஏறத்தாழ 11 புள்ளி எடுத்தார். ஜெயித்த வருடத்தில் பெஞ்சிலிருந்து சுமார் 20 நிமிடம், 6 புள்ளி. பாக்ஸ் ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஆள் பாதியாகிவிட்டார். நடந்தது வேறு. முதல் வருடம் இன்னொரு சென்டருக்கு (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரருக்கு) பக்கத்தில் நிறுத்தி வளையத்திலிருந்து தள்ளி ஆட விட்டார்கள். அடுத்த வருடம் டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி போன்றவர்கள் வந்ததும் ஸ்டூவர்ட்டை வளையத்தைக் காக்கும் மாற்று சென்டராக்கினார்கள். அவருக்குப் பொருந்துகிற வேலை கிடைத்தது.

நமக்கு நெருக்கமான பெயர் தாபோ செஃபொலோஷா. பிறந்தது சுவிட்சர்லாந்தில், தந்தை தென்னாப்பிரிக்கர். 2009 பிப்ரவரியில் அவர் ஒக்லஹோமா சிட்டிக்குப் போனபோது அந்த அணி 23 வெற்றி, 59 தோல்வி என்று பருவத்தை முடித்த அணி. அடுத்த பருவம் 50 வெற்றி. அந்த 82 ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே இறங்கிய செஃபொலோஷா எடுத்தது சராசரி 6 புள்ளி. அந்த 6 புள்ளிக்காரரைத்தான் லீகின் இரண்டாம் தற்காப்பு அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் கெவின் டியூரண்ட் தாக்குதலுக்குத் தெம்பை மிச்சம் வைக்க முடிந்ததற்கு, எதிரணியின் சிறந்த வீரரை இன்னொருவர் பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம்.

இனி ஒரே ஒரு தற்காப்பைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். ரசிகர் தீர்ப்பு அதிகம் தவறுவது இங்கேதான். எதிரணி கார்ட் மேலே பந்தோடு நிற்கிறார். அவர்களுடைய சென்டர் வந்து ஸ்கிரீன் போடுகிறார். நம் கார்ட் அதில் மாட்டிக்கொள்கிறார். நம் சென்டர் பந்தைத் தடுக்க மேலே வருகிறார். ஸ்கிரீன் போட்டவர் வளையத்தை நோக்கி ஓடுகிறார். அவரைத் தடுக்க எதிர்ப்பக்க மூலையில் இருக்கும் நம் ஆள், கோச்சுகள் லோ மேன் என்று சொல்பவர், தன் ஆளை விட்டுவிட்டு வளையத்தடிக்கு வருகிறார். வந்தே ஆக வேண்டும். எல்லாக் கோச்சும் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். அவர் விட்ட மூலையை மூட, அதே பக்கம் மேலே நிற்கும் இன்னொருவர் இறங்கி வர வேண்டும். அவர் அசையவில்லை. பந்து மூலைக்குப் பறக்கிறது, மும்புள்ளி விழுகிறது. கேமராவில் தெரிவது என்ன? வளையத்தடியிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக ஓடி வரும் லோ மேன். ரீப்ளேயிலும் அவரேதான். "தன் ஆளை விட்டுட்டான்" என்று குழுவில் வசை. தப்பு செய்தவர்கள் ஸ்கிரீனில் மாட்டியவரும் இறங்கி வராதவரும். சொன்ன வேலையைச் செய்த ஒரே ஆள் திட்டு வாங்குகிறார். ரீப்ளேயில் பந்தைப் பார்க்காமல், பந்து போவதற்கு 2 விநாடி முன் ஐந்து பேரும் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். யார் கணக்கு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிளஸ்-மைனஸ் எண்ணை, அதாவது ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை, காட்டித் திட்டுகிறவர்களும் உண்டு. ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரி 9 புள்ளியில் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 நிமிடத்துக்கு மைனஸ் 9 என்றால் 24 நிமிடத்துக்கு மைனஸ் 4.5. பெஞ்சிலிருந்து வந்து 24 நிமிடம் ஆடி மைனஸ் 2 வாங்கியவர், அந்த அணியின் சராசரியைவிட நன்றாகவே ஆடியிருக்கிறார். ஒற்றை ஆட்டத்து பிளஸ்-மைனஸை வைத்து எதையும் சொல்லக் கூடாது. கூட நின்ற நான்கு பேரும், எதிரே நின்ற ஐந்து பேரும் சேர்ந்து ஆக்கிய எண் அது.

ஷாட் சதவீதத்திலும் அவசரம் உதவாது. 36 சதவீத மும்புள்ளிக்காரர் ஆட்டத்துக்கு 4 எறிந்தால் பத்து ஆட்டத்தில் 40 ஷாட். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்த 40-இல் அவர் 28 சதவீதமும் போடலாம், 44 சதவீதமும் போடலாம். 200 ஷாட் தாண்டினால் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 3 சதவீதப் புள்ளி மேலே கீழே என்று சுருங்கும். அதோடு 8-க்கு 3 என்பதைப் பார்த்துச் சிரிக்கும் முன் எது எது என்று பாருங்கள். மூன்றும் மும்புள்ளி என்றால் 8 ஷாட்டில் 9 புள்ளி. பக்கத்தில் 8-க்கு 4, எல்லாம் இருபுள்ளி என்றால் 8 புள்ளிதான்.

இதையெல்லாம் சொல்வதால் ரோல் பிளேயரைக் குறையே சொல்லக் கூடாது என்று ஆகாது. கூட ஆடுகிறவர்களைச் சாராத தவறுகள் இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். பந்து இழந்ததும் திரும்பி ஓடாமல் நடப்பது. ஷாட் பறக்கும்போது தன் ஆளை உடம்பால் தடுக்காமல் பந்தையே அண்ணாந்து பார்ப்பது. மும்புள்ளி எறிகிறவர் மேல் போய் விழுந்து மூன்று ஃப்ரீ த்ரோ கொடுப்பது. எல்லாவற்றிலும் மோசம், தனியாக நின்று பந்து கிடைத்தும் எறியத் தயங்குவது. தவறவிட்ட ஷாட்டால் ஒரு தாக்குதல்தான் போகும். எறியத் தயங்குகிறவரை எதிரணி விட்டுவிட்டு நட்சத்திரத்தின் மேல் இரண்டாவது ஆளைப் போட்டுவிடும், அப்போது ஐந்து பேர் ஆட்டம் நாலு பேர் ஆட்டமாகிவிடும்.

நியாயம் எதிர்த்திசையிலும் வேண்டும். 25 புள்ளி பின்தங்கியபின் கடைசி 6 நிமிடத்தில் அடித்த 10 புள்ளியை வைத்து ஒருவரைத் தூக்கி வைக்காதீர்கள். தோற்கும் அணிக்கு அப்படிப்பட்ட நிமிடங்கள் ஏராளம். சம்பளத்துக்காகத் திட்டுவதும் பொருந்தாது. ஒப்பந்தம் கொடுத்தது நிர்வாகம். டூ-வே ஒப்பந்தத்தில் இருப்பவர் பருவத்தில் 50 ஆட்டத்துக்கு மேல் பெயர்ப்பட்டியலில் இருக்க முடியாது. கீழ் லீகுக்கும் மேலுக்கும் போய் வருகிறவர். அவரிடம் நிலையான ஆட்டத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

பந்தயம் கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. போனிலேயே பந்தயம் கட்டுவது இங்கே சர்வசாதாரணம். ரோல் பிளேயர் எத்தனை ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுப்பார் என்று ராண்ட் கட்டியவர், அது தவறியதும் அவருடைய இன்ஸ்டாகிராமில் போய் வசைபாடுகிறார். இப்படிப்பட்ட தனிநபர் பந்தயங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பந்தய விதிகளை மீறியதற்காக 2024 ஏப்ரலில் என்பிஏ ஆயுட்காலத் தடை விதித்த வீரர் ஜான்டே போர்ட்டர் உதாரணம். டொரண்டோவில் டூ-வே ஒப்பந்தத்தில் இருந்தவர். காசு கட்டிய ஆட்டத்தில் நீங்கள் ரசிகர் அல்ல, கடன்காரர். அன்றைக்கு யாரைப் பற்றியும் எழுத வேண்டாம்.

பிரிட்டோரியாவின் சன்பெட் அரங்கில் நடக்கும் பாஸ்கட்பால் ஆப்பிரிக்கா லீக் ஆட்டங்கள் நமக்கு வசதியான நேரத்தில் வருகின்றன. அங்கேயும் இதே பார்வை தேவை. வெளியிலிருந்து வரும் ஓரிரு வீரர்களிடமே பந்து அதிகம் இருக்கும். உள்ளூர் வீரர்கள் ஸ்கிரீனும் தற்காப்பும் பார்ப்பார்கள். ஆட்டம் 40 நிமிடம் என்பதால் எண்கள் இன்னும் சிறிதாகத் தெரியும்.

நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால், வாரக்கடைசியில் அமெரிக்காவில் பகல் ஆட்டம் வரும் நாளைப் பிடியுங்கள். அங்கே மதியம் 1 மணி என்றால் இங்கே இரவு 8, கண் விழிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ரோல் பிளேயரைத் தேர்ந்தெடுத்து, முதல் கால்பகுதியில் அவர் களத்தில் இருக்கும் நேரமெல்லாம் பந்தை விட்டுவிட்டு அவரையே பாருங்கள். தாளில் நாலு கட்டம் போதும்: போட்ட ஸ்கிரீன், கை வைத்துத் தட்டிய பாஸ், ரீபவுண்டுக்கு ஆளைத் தடுத்தது, திரும்பி ஓடாதது. அதே ஆளுக்கு ஐந்தாறு ஆட்டம் இப்படிக் குறித்துவிட்டு, அதன்பிறகு பாக்ஸ் ஸ்கோரைத் திறங்கள். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதே தாளைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கொடுத்துக் குறிக்கச் சொல்லலாம். ஸ்கிரீன் போட ஆளே கிடைக்காத அணிகளில் இது இரண்டு மூன்று வாரத்தில் வேலை செய்யும்.